மிச்ச டப்பா

ஜூன் 1

அண்ணா,

மூன்று வருடமாக நாம் ஒருவருக்கொருவர் எழுதுவது ‘இங்கே நலம்’ என்ற ஒற்றை வரிதான். இந்த முறை வரி நீளும். அதனால் கோபம் தீர்ந்துவிட்டது என்று எண்ணாதே. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரிப் படிவத்தில் உறவினர்கள் இருவர் பெயர் கேட்டார்கள். நீ வராததால் என் பெயரையே இரண்டு இடத்திலும் எழுதினேன். அந்தக் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

பட்டறையைத் திறந்துவிட்டோம்.

போன வாரக் காற்றில் கூரைத் தகடு ஒன்று பிய்ந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய் விழுந்தது. இனிமேல் மூடி வைக்க முடியாது. அம்மா தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். “நீயே பாத்துட்டு வா. நான் வரல” என்றாள். முகத்தைத் துணியிலிருந்து எடுக்கவேயில்லை.

அப்பா செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்த மோட்டார்கள் அப்படியே வரிசையாக இருக்கின்றன. மூலையில் தார்ப்பாய். அதற்கடியில் அது. பதினொரு வருடமாக யாரோ போர்த்திக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி, நாம் எப்போது வருவோம் என்று நிற்பதுபோல எனக்குத் தோன்றியது. வெளியே ஓடி வந்துவிட்டேன். மறுநாள் காலைதான் பாயைத் தூக்கத் தைரியம் வந்தது.

தூக்கிப் பார்த்தால் அப்பாவின் மோட்டார் சைக்கிள் பாவமாக இருந்தது. டயர் இரண்டும் தரையோடு ஒட்டிப்போயிருக்கின்றன. ஹெட்லைட் கண்ணாடி இல்லை. வலதுபக்கம் முழுக்கத் தார் ரோடு செதுக்கிய தழும்பு. சீட்டுக்குள் எலி குடித்தனம். (சிரிக்காதே. என்னை எலி என்று கூப்பிட ஆரம்பித்தவன் நீதான்.) கிக்கரை மிதித்தால் அசையவில்லை, எஞ்சின் இறுகிவிட்டது. பெட்ரோல் டேங்கைத் திறந்தால் பழைய வார்னிஷ் வாசனை.

இதை நான் ஓடவைக்கப்போகிறேன். ஏன் என்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. நூலகத்தில் நாள் முழுக்கக் கிழிந்த புத்தகங்களை ஒட்டுகிறேன்; உடைந்த ஒன்றைப் பார்த்தால் கை சும்மா இருப்பதில்லை என்று வைத்துக்கொள். அப்பாவை எடுத்துக்கொண்ட வண்டியைப் பார்த்து இனிமேலும் நடுங்கிக்கொண்டு, பட்டறைப் பக்கம் போகாமல், குளிக்கக்கூடச் சுற்றிக்கொண்டு போய்வர என்னால் முடியாது என்றும் வைத்துக்கொள்.

மேல் தட்டில் மிச்ச டப்பா இருந்தது. நினைவிருக்கிறதா? எதைப் பிரித்துப் பூட்டினாலும் கடைசியில் அப்பா கேட்பார், “மிச்சம் இருக்கா?” இருந்தால் அந்த உறுப்பைச் சீட்டோடு சுருட்டி டப்பாவில் போட வேண்டும். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துப் படித்துக்காட்டுவார். என் சீட்டு ஒன்று கிடைத்தது: ‘எலி. சுவர்க்கடிகாரம். ஒரு சக்கரம் மிச்சம். ஆனாலும் கடிகாரம் ஓடுகிறது, ஏன் என்று தெரியவில்லை.’ அப்பா பெயரில்கூட ஏழு சீட்டு. உன் பெயரில் மட்டும் ஒன்றுமில்லை. ‘அவன் கை சுத்தம்’ என்று அப்பா ஊரெல்லாம் சொல்வாரே.

முன்சக்கரத்தைக் கழற்றும் முறை உனக்குத்தான் தெரியும். எழுது.

எலி


ஜூன் 12

எலிக்கு,

உன் கடிதம் மூன்றாம் தேதிப் படகில் வந்தது. பத்து நாளைக்கு ஒரு படகுதான் என்பது உனக்குத் தெரியும். அதனால் தாமதம்.

வண்டியைத் தொடாதே. பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போடு. கிடைப்பது கிடைக்கட்டும். பட்டறைக் கூரையைச் சரிசெய்து பூட்டிவிடு.

காரணம் கேட்பாய். பழைய பெட்ரோல் வாசனை அம்மாவின் நெஞ்சுக்கு ஆகாது. நீ ஒல்லி, அது கனத்த வண்டி. நாளைக்குக் காலில் சாய்த்துக்கொண்டால் ஆஸ்பத்திரிப் படிவத்தில் பெயர் எழுத யார் இருப்பார்கள்? நான் அன்று வரவில்லை என்று நீயே எழுதுகிறாய்.

முன்சக்கரத்தைக் கழற்றாதே. அதை மட்டும் கேள்.

இங்கே கலங்கரை விளக்கின் கண்ணாடிகளைத் துடைக்கும் வாரம். நூற்று நாற்பது துண்டுகள். துடைத்து முடித்ததும் மூன்று முறை எண்ணினேன்.

அண்ணன்


ஜூன் 20

அண்ணா,

எடைக்குப் போடச் சொல்கிறாய். அப்பாவின் சட்டைகளையும் அப்படித்தான் போடச் சொன்னாய். போடவில்லை, அம்மா அதிலிருந்து தலையணை உறை தைத்திருக்கிறாள். நீ வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருடம். போனவர்களுக்கு வீட்டுப் பொருள்மேல் வோட்டு கிடையாது.

வேலை நடக்கிறது. நூலகத்தில் அட்டை இல்லாத ஒரு பழைய பழுதுபார்க்கும் கையேடு கிடைத்தது. அட்டை போட்டுக் கொடுக்கிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பிளக் ஓட்டை வழியாக டீசல் ஊற்றி எட்டு நாள் ஊறவிட்டேன். தினமும் வேலைக்குப் போகும்முன் கிக்கரில் என் முழு எடையையும் வைத்து நிற்பேன். ஒன்பதாம் நாள் ஒரு விரல்கடை இறங்கியது. உள்ளே எதுவோ பெருமூச்சு விட்டது. உடம்பெல்லாம் புல்லரித்து இறங்கிவிட்டேன். உயிரில்லாததுக்கு உயிர் வந்தால் சந்தோஷமாக இருக்கும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

தெருமுனை மெக்கானிக்கை உனக்குத் தெரியாது, நீ போனபிறகு கடை வைத்தவர். மெல்லிய உடம்பு, பெரிய தலை. ஊரில் அவர் பெயர் குண்டூசி. வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“முன்சக்கரத்தப் பிடிக்கற ஃபோர்க் வளையல. அதிர்ஷ்டம்தான். யார் வண்டிம்மா?”

“எங்க அப்பாவோடது.”

“விழுந்த வண்டியா?”

“ஆமா.”

“விழுந்த வண்டியும் அழுத பிள்ளையும் ஒண்ணு. எங்க வலிக்குதுன்னு அதுவே காட்டும். நாமதான் பொறுமையாத் தடவிப் பாக்கணும்” என்றவர் டேங்குக்குள் ஒரு கைப்பிடிப் பழைய நட்டுகளைப் போட்டு என்னைக் குலுக்கச் சொன்னார். துரு உதிர இரண்டு மாலை ஆனது. தோள் இன்னும் என்னுடையதாக இல்லை.

அம்மா பட்டறைக்குள் வருவதில்லை. ஜன்னலுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து தைக்கிறாள். அந்தப் பழைய கத்தரிக்கோல் இன்னும் அதே இடத்தில் துணியைப் பிடித்து இழுக்கிறது. பல் விழுந்த இடம் வரும்போதெல்லாம் திட்டுகிறாள். புதிது வாங்கித் தருகிறேன் என்றால், “வேண்டாம், இது இருக்கட்டும்” என்கிறாள்.

ஒன்று கேட்கிறேன். முன்சக்கரத்தில் என்ன? உன் கடிதத்தில் அந்த ஒரு வரியில் மட்டும் எழுத்து சாய்ந்திருக்கிறது.

எலி


ஜூன் 23

எலிக்கு,

படகு ஒரு மணி நேரம்தான் நிற்கும். அதற்குள் எழுதுகிறேன்.

முன்சக்கரத்தில் ஒன்றும் இல்லை. சும்மா சொன்னேன்.

சும்மா இல்லை. அந்த வண்டி ஒருவரைக் கொன்றது. போதும். அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்? நீ கிக்கரில் நிற்கிறாய் என்று படித்தேன். படகில் வந்த காய்கறி மூட்டையைப் படியில் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோழை என்று நீ மூன்று வருடம் முன்பு எழுதினாய். சரி. கோழை சொல்வதைக் கேள். வேறு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அடுத்த படகில் எழுதுகிறேன். அதுவரை அதில் ஏறாதே.

படகுக்காரர் கூப்பிடுகிறார்.

அண்ணன்


ஜூலை 1

அண்ணா,

‘வேறு ஒரு விஷயம்.’ ஒன்பது வருடமாக உன்னிடம் வேறு ஒரு விஷயம் இருக்கிறது. அடுத்த படகு, அடுத்த படகு. நான் காத்திருக்கப்போவதில்லை.

எஞ்சின் பேசிவிட்டது.

நேற்று மாலை. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, பிளக்கின் பொறியைச் சரிபார்த்து, குண்டூசி தள்ளி நின்று “மிதி, மிதி, பயந்தா உதைக்கும்” என்று கத்த, பதினேழாவது மிதியில் வெடித்தது. புகை. எலிக்கூட்டின் மிச்சமெல்லாம் சைலன்சர் வழியாகப் பறந்தது. பிறகு அந்தத் தாளம். உனக்குத் தெரியும் அது. தெருத் திரும்பும்போதே அப்பா வருகிறார் என்று சொல்லும் தாளம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தையல் மிஷின் நின்றது. அம்மா வரவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே போனேன். அம்மா மேசையில் மூன்று தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். வைத்து முடித்து மூன்றாவதைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். “சத்தம் கேட்டுச்சா, கை தானா எடுத்துடுச்சு” என்றாள். அந்தத் தட்டை இருவருமே எடுக்கவில்லை. எடுக்கப் பயமாக இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், இதை முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் இந்த வீட்டில் பேய்தான் குடியிருக்கும். நீ வேண்டாம் என்ற முன்சக்கரத்தையும் கழற்றி, பிரேக் கட்டைகளை மாற்றிப் பூட்டிவிட்டேன். ஒரு பூகம்பமும் வரவில்லை. வரும் ஞாயிறு, ஐந்தாம் தேதி காலை, பாலத்துச் சரிவு வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி வரப்போகிறேன். அப்பா விழுந்த வளைவை ஒரு முறை கடந்து அந்தப்பக்கம் போய் நிற்க வேண்டும்.

வாழ்த்துச் சொல்ல உனக்கு மனம் வராது. பரவாயில்லை.

எலி


ஜூலை 4
துறைமுக அலுவலகம் வழியாக வந்த வயர்லெஸ் செய்தி

வண்டியில் ஏறாதே. முன்பிரேக். கெஞ்சிக் கேட்கிறேன். கடிதம் வருகிறது. அண்ணன்.


ஜூலை 6

அண்ணா,

நேற்று ஒன்பது மணிக்கு உன் செய்தி வந்தது. நான் அப்போது வண்டியின்மேல் உட்கார்ந்திருந்தேன். அம்மா வாசல்வரை வந்து, வழக்கமாகச் சொல்லும் ‘பாத்துப் போ’வைக்கூடச் சொல்லாமல், என் தாவணி நுனியைச் சக்கரத்தில் மாட்டாதபடி இடுப்பில் இறுக்கிச் செருகிவிட்டாள். துறைமுக ஆபீஸ் பியூன் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார்.

“கையெழுத்துப் போடுங்கம்மா. உங்க அண்ணனா? கப்பல் விவரம் தவிர அந்த மனுஷன் வயர்லெஸ்ல ஒரு வார்த்தை பேசி நாங்க கேட்டதில்ல. நேத்து குரலே சரியில்ல.”

‘கெஞ்சி’ என்ற சொல்லைப் படித்ததும் வண்டியிலிருந்து இறங்கிவிட்டேன். நீ கெஞ்சி நான் பார்த்ததில்லை. உனக்குத் தெரியாத இன்னொன்று: சனிக்கிழமை மாலையே அம்மாவுக்குத் தெரியாமல் தெருக்கோடிவரை ஓட்டிப் பார்த்துவிட்டேன். முன்பிரேக்கைப் பிடித்தேன், நின்றது. நின்றதா, நிற்பதுபோல நடித்ததா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அம்மாவிடம் ‘ஒரு நட் லூஸ், குண்டூசி வரட்டும்’ என்று பொய் சொன்னேன். பகல் முழுக்க முன்சக்கரத்தைத் திரும்பப் பிரித்தேன். எதைத் தேடுகிறேன் என்றே தெரியாமல் தேடுவது எவ்வளவு பெரிய தண்டனை தெரியுமா? ஒவ்வொரு நட்டும் குற்றவாளிபோலத் தெரிகிறது. குண்டூசியும் வந்து தடவித் தடவிப் பார்த்தார். “எல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்க அண்ணன் தீவுல இருந்துக்கிட்டு எதைப் பாத்தாராம்?” என்றார்.

எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். பிரேக் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடாமல் ஃபோர்க்கோடு பிடித்து நிறுத்தும் ஒரு இரும்புப் பட்டை இருக்கிறதல்லவா, அதன் நட்டுக்குக் குறுக்கே ஒரு பின் இருக்க வேண்டும். நட் கழன்றுவிடாமல் செருகி, இரண்டு காலையும் விரித்து மடக்குவார்களே, அது. நான் முதல்முறை பிரித்தபோது அங்கே பின் இல்லை. அதற்குப் பதில் யாரோ செம்புக் கம்பியைக் கோத்து முறுக்கியிருந்தார்கள். நட் அசையவே இல்லை, நன்றாக இறுகித்தான் இருந்தது. கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பின் போட்டேன். வழக்கப்படி சீட்டு எழுதி டப்பாவில் போட்டேன்: ‘முன்பிரேக். செம்புக் கம்பி. யார் கட்டியதோ.’

இன்று அதை வெளியே எடுத்துப் பார்த்தேன். வார்னிஷ் பூசிய காயில் கம்பி. கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராக முறுக்கியிருக்கிறது. கை கீறாமல் நுனியை உள்ளே மடித்திருக்கிறது. ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிட்டது.

இதுவா உன் பயம்? அம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பதிமூன்றாம் தேதிப் படகுவரை நான் எப்படி இருப்பது? பட்டறையைப் பூட்டிச் சாவியைப் பழைய இழுப்பறையிலேயே போட்டுவிட்டேன்.

எலி


ஜூலை 5 முதல் 12 வரை

எலிக்கு,

நீ உயிரோடு இருக்கிறாயா என்று தெரியாமல் இதை எழுதுகிறேன். மூன்றாம் தேதி கடல் மோசம். படகுக்காரர் பையைப் பாறைமேல் எறிந்துவிட்டுத் திரும்பிவிட்டார். உன் கடிதத்தைப் பிரிக்கும்போது அவர் போய்விட்டிருந்தார். மறுநாள்தான் வயர்லெஸ்ஸில் தொடர்பு கிடைத்தது. சேர்ந்ததா என்று தெரியாது. துறைமுகத்தில் இருப்பவர் “அனுப்பறோம்” என்றார். அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. அவ்வளவுதான்.

ஏழாம் தேதி. நேற்றும் முந்தின நாளும் இதை எடுத்து எடுத்து வைத்தேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

அப்பா போவதற்கு முந்தின நாள் மாலை, முன்பிரேக்கைச் சுத்தம் செய்யச் சொன்னார். முதல்முறை என்னைத் தனியாக விட்டார். “நான் பாக்க மாட்டேன்டா, உன் பொறுப்பு” என்றார். எனக்குப் பதினாறு வயது. கழற்றினேன், துடைத்தேன், பூட்டினேன். எல்லாம் முடிந்து எழுந்தால் துணியின்மேல் ஒரு பின் கிடந்தது. பிரேக் பட்டையின் நட்டில் போட வேண்டிய பின்.

திரும்பப் போட இரண்டு நிமிடம் போதும். ஆனால் பிளையரை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தேடுவதற்குள் அப்பா பட்டறை வாசலில் வந்து நின்றார். பின்னைச் சட்டென்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். எலி, உனக்கு இது அற்பமாகத் தெரியும். அந்த டப்பாவில் என் பெயர் மட்டும் இல்லை. ‘அவன் கை சுத்தம்.’ அந்த ஒரு வாக்கியத்தைக் காப்பாற்றுவதற்காகச் செய்தேன். விடியற்காலையில் எழுந்து போட்டுவிடலாம் என்று நினைத்தேன். தூங்கிவிட்டேன்.

காலையில் நான் வெளியே வரும்போது அப்பா வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். என்னைப் பார்த்தார்.

“என்னடா, எல்லாம் போட்டியா? மிச்சம் இருக்கா?”

“இல்லப்பா.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்துட்டேன்பா.”

பாக்கெட்டுக்குள் பின்னைக் கையில் மூடி வைத்திருந்தேன். உள்ளங்கையில் குத்தியது. அப்பா சிரித்தார். கிக்கரை மிதித்தார். போனார்.

பத்தாம் தேதி. வளைவில் மணல் கொட்டியிருந்தது, சறுக்கிவிட்டது என்று போலீஸ் எழுதினார்கள். நீங்கள் எல்லோரும் நம்பினீர்கள். அந்த நட் கழன்றால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். பிரேக் பிடித்ததும் தட்டு சுற்றும், சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி பக்கவாட்டில் போகும். மணலில் சறுக்கியதுபோலவே இருக்கும். வண்டியைக் கொண்டுவந்து பட்டறையில் வைத்தார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. அம்மா பூட்டியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் என்னை இரண்டு வருடத்தில் வீட்டைவிட்டுத் துரத்தியது. அம்மா எனக்குச் சோறு போடும்போதெல்லாம் அந்தப் பின் பாக்கெட்டில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அம்மாவின் ஆபரேஷனுக்கு வராததும் இதனால்தான். மயக்கம் தெளிந்து முதலில் என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று.

பன்னிரண்டாம் தேதி. நான்தான் அப்பாவைக் கொன்றேன். இதை ஒரு வரியாக எழுத எட்டு நாள் ஆகியிருக்கிறது.

அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். வண்டியில் மட்டும் ஏறாதே.

அண்ணன்


ஜூலை 15

அண்ணா,

முதலில், நான் உயிரோடு இருக்கிறேன்.

உன் கடிதத்தை நூலகத்தில், பைண்டிங் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். ‘வார்னிஷ் பூசிய காயில் கம்பி’ என்று நானே உனக்கு எழுதியது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் ஒரு கேள்விதான். அதன் பதில் தப்பாக வந்தால் உன்னை நிரந்தரமாகத் தொலைத்துவிடுவேன்.

அம்மா தைத்துக்கொண்டிருந்தாள். செம்புக் கம்பியை மிஷின்மேல் வைத்தேன். உன் கதை எதையும் சொல்லவில்லை. “இது யார் கட்டினதுன்னு தெரியுமாம்மா?” என்று மட்டும் கேட்டேன்.

அம்மா அதை எடுக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்தாள். விரித்து, பல் விழுந்த இடத்தைக் காட்டினாள்.

“இந்தப் பல்லு எப்படி விழுந்துச்சுன்னு நினைக்கறே? அன்னிக்குக் காலைல பட்டறைலேர்ந்து வந்தார். ‘பிளையரக் காணோம், உன் பிள்ளை எங்கயோ போட்டுட்டான், கத்தரிக்கோல் குடு’ன்னார். துணி வெட்டறதுல கம்பிய வெட்டாதீங்கன்னு கத்தறேன், காதுலயே வாங்கல. வெட்டிட்டார். நான் திட்டினேன். கடைசியா அவர்கிட்ட நான் பேசினது அந்தத் திட்டுதான்.”

“எதுக்காம் கம்பி?”

“முன்சக்கரத்துல எதையோ போடாம விட்டுட்டானாம் உங்கண்ணன். கட்டி வெச்சிட்டேன், தாங்கும்னார். ‘அவன்கிட்ட கேக்கலியா’ன்னேன். ‘கேக்கத்தான் போறேன். இப்ப இல்லேன்னுதான் சொல்லுவான், ரோஷக்காரன். சாயங்காலத்துக்குள்ள அவனே வந்து சொல்லுவான் பாரு. சொன்னா ரெண்டு பேரும் சேந்து போடுவோம், அவன் பேர்ல முதல் சீட்டு’ன்னு சிரிச்சிட்டே போனார்.”

பிறகுதான் உன் கடிதத்தைக் கொடுத்தேன். அண்ணா, கொடுக்காமல் இருந்திருக்கலாமோ என்று அந்தப் பத்து நிமிடமும் பயந்தேன். அம்மா எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுவதும் படித்தாள். அழவில்லை. “இதுக்காகவா போனான்?” என்று என்னைக் கேட்டாள். பிறகு சுவரைப் பார்த்து இன்னொரு முறை கேட்டாள். “நான் அந்தப் பேச்சையே எடுக்க விடலியே. பட்டறையப் பூட்டினப்பவே பிள்ளை வாயையும் சேத்துப் பூட்டிட்டேனா?”

நான் உன்னைத் தேற்றுவதற்காகக் கதை கட்டுகிறேன் என்று நினைப்பாய். அதனால் கம்பியையே அனுப்புகிறேன். தட்டையான பக்கத்தைப் பார். வண்டி விழுந்து தேய்ந்த அதே வலதுபக்கத்தில் இருந்தது அது. அன்றைக்கு ரோடு தேய்த்திருக்கிறது. விழும்போதே கம்பி அங்கே இருந்தது. நட் கழலவே இல்லை.

மணல்தான், அண்ணா. வெறும் மணல்.

உன்னைக் கோழை என்று எழுதியதைத் திரும்பப் பெறவில்லை. இரண்டு நிமிட வேலைக்குப் பதினொரு வருடம் ஒளிந்தவனை வேறு என்ன சொல்வது? ஆனால் அந்தப் பதினொரு வருடமும் நீ ஒருவனாகவே பயந்தாய் என்பதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

எலி


ஜூலை 23

எலிக்கு,

படகு நிற்கிறது. ஒரு மணி நேரம்.

போன முறை என் கடிதத்தைப் படகில் கொடுத்த பிறகுதான் உன்னுடையதைப் பிரித்தேன். செம்புக் கம்பி என்று படித்தபோது படகு நகர்ந்துவிட்டது. பத்து நாள் அந்த வரியோடு இருந்தேன். நம்பவில்லை. வண்டியைத் தூக்கி வந்தவர்களில் யாராவது பிறகு கட்டியிருப்பார்கள் என்றே சொல்லிக்கொண்டேன். நம்பிவிட்டு, பிறகு அது பொய் என்று ஆனால் தாங்கியிருக்க மாட்டேன்.

இப்போது கம்பி என் முன்னால் மேசையில் இருக்கிறது. பக்கத்தில் பின். பின் துருப்பிடித்திருக்கிறது, கம்பி துருப்பிடிக்கவில்லை. அப்பாவின் இடக்கை முறுக்கு. நுனி உள்ளே மடித்திருக்கிறது. காயில் கட்டும்போது எனக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார், அடுத்தவன் கை கீறக்கூடாது என்று.

நீ எனக்கு விடுதலை எழுதி அனுப்பியிருக்கிறாய். அதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ள முடிகிறது. அவர் வாசலில் நின்று கேட்டபோது பதில் தெரிந்தேதான் கேட்டிருக்கிறார். “நல்லாப் பாத்தியா” என்று இரண்டாவது தடவையும் கேட்டார். நான் இரண்டு தடவையும் பொய் சொன்னேன். அந்தச் சிரிப்பை நம்பிக்கை என்று நினைத்திருந்தேன். அவர் சாயங்காலத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். கொன்றவன் இல்லை என்றால் நான் யார் என்று தெரியவில்லை. பதினொரு வருடம் அந்த ஒன்றாகத்தான் இருந்தேன். வேடிக்கை என்னவென்றால் இன்று கடல் அமைதியாக இருக்கிறது.

மாற்று ஆள் கேட்டு எழுதியிருக்கிறேன். ஆகஸ்ட் இரண்டாம் தேதிப் படகில் ஒருவர் வருகிறார். அதே படகில் நான் கிளம்புகிறேன். கரையில் கால் வைக்கப் பயமாக இருக்கிறது. அம்மாவின் முகத்தைப் பார்க்க அதைவிடப் பயம். படகு நான் இல்லாமல் திரும்பிவிடும் என்று நினைத்துக்கொள்ளாதே, என்னை இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

அதற்குள் இரண்டு வேலை. நீ போட்ட புதுப் பின்னைக் கழற்றிவிடு. அந்த ஓட்டை காலியாக இருக்கட்டும். வண்டியைக் கிளப்பாதே. குண்டூசியிடம் ஒரு பிளையர் வாங்கி, எல்லோர் கண்ணிலும் படும்படி வை.

இரண்டாவது, அம்மாவிடம் சொல். நான் வாசலுக்கு வந்ததும் எப்படி இருக்கே, சாப்பிட்டியா, இளைச்சுட்டியே என்று எதுவும் கேட்க வேண்டாம். உள்ளே வா என்றும் சொல்ல வேண்டாம். மிச்சம் இருக்கா என்று மட்டும் கேட்கச் சொல்.

அண்ணன்